பெரிய வளையம் வந்தால் வீரியமான சேர்மமா?

கேள்வி: சாலிசைலால்டிஹைடிலிருந்து 12 ஷிஃப் பேஸ் சேர்மங்கள் (ஆல்டிஹைடும் அமீனும் இணைந்து உருவாகுபவை) தயாரித்திருக்கிறேன். சேர்மம் ஊறிய காகித வட்டை பாக்டீரியா பரப்பிய அகார் ஜெல்லியில் வைத்து, சுற்றிலும் வளர்ச்சியில்லாத வளையத்தை அளக்கும் டிஸ்க் முறையில், ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா மீது 7ஆம் சேர்மம் 18 மி.மீ. வளையம் தந்தது, 3ஆம் சேர்மம் 9 மி.மீ. மட்டுமே. இ.கோலை மீது எதுவும் வேலை செய்யவில்லை. 7தான் சிறந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். 3ஆம் சேர்மத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

டிஸ்க் முறையில் இரண்டு விஷயங்கள் கலந்தே வருகின்றன: சேர்மத்தின் வீரியம் ஒன்று, அது அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது இன்னொன்று. அகார் பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீரில் கரையாத சேர்மம் டிஸ்க்கை விட்டு அதிகம் நகராது. வேறு மருந்து கேட்காதபோது கொடுக்கும் கோலிஸ்டினுக்கே இந்தக் கதிதான். மூலக்கூறு பெரியது, அகாரில் ஒழுங்காகப் பரவாது. அதனால் அதற்கு டிஸ்க் முடிவை நம்புவதில்லை.

சரி, என்ன செய்வது? எம்.ஐ.சி. பாருங்கள், அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 12.8 மி.கி. கரைசல் தயாரித்து, பாக்டீரியா வளர்க்கும் திரவமான முல்லர்-ஹின்டன் பிராத்தில் 50 மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். 96 குழித் தட்டில் ஒரு வரிசையில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் அதே அளவு பாக்டீரியா சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 128 மைக்ரோகிராமில் தொடங்கி 10ஆவது குழியில் 0.25இல் முடியும். மீதி இரண்டு குழிகள் கன்ட்ரோலுக்கு. டிஎம்எஸ்ஓவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. பாக்டீரியாக் கரைசலின் கலங்கலை அளக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 என்றால் மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி செல்கள். அதை 150 மடங்கு நீர்த்துச் சேர்த்தால் குழியில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம் இருக்கும். இந்த எண்ணிக்கை கூடிப்போனால் நல்ல சேர்மம்கூட மோசமாகத் தெரியும்.

கன்ட்ரோல்தான் பலர் கோட்டை விடும் இடம். டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியை எல்லாரும் வைப்பார்கள். உங்களுக்கு அது போதாது. ஷிஃப் பேஸ் தண்ணீரில் உடைந்து ஆல்டிஹைடும் அமீனுமாகப் பிரியக்கூடும். சாலிசைலால்டிஹைடுக்கே பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் உண்டு. தொடக்கப் பொருள்கள் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்காவிட்டால், 7ஆம் சேர்மத்துக்கு நீங்கள் தரும் பாராட்டு உண்மையில் தொடக்கப் பொருளின் பாட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டியதாக இருக்கலாம்.

அப்புறம், குழியின் அடியில் வீழ்படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கலங்கலை வைத்து முடிவு சொல்ல முடியாது. அப்போது ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்த்தால், உயிருள்ள பாக்டீரியா அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். சில சேர்மங்கள் தாமே நிறம் மாற்றிவிடும் என்பதால், பாக்டீரியா இல்லாத குழியிலும் அதே சேர்மத்தை வையுங்கள்.

இ.கோலை ஏமாற்றியதில் ஆச்சரியமில்லை. அதன் வெளிச்சவ்வு பலவற்றை உள்ளே விடாது. தப்பி நுழைந்ததையும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்புகளுக்குத் தேவையான டால்-சி மரபணு நீக்கிய இ.கோலை கிடைத்தால் அதில் போட்டுப் பாருங்கள். அதில் மட்டும் வேலை செய்தால், சேர்மம் உள்ளே போகிறது, நிற்க முடியவில்லை என்று பொருள்.

வெவ்வேறு நாட்களில் மூன்று முறை செய்யுங்கள். எம்.ஐ.சி. ஒருநாள் 16, மறுநாள் 32 வந்தால் பதறாதீர்கள். ஒரு படி வித்தியாசம் இந்த முறையில் சகஜம். அதே காரணத்தால், 16 வந்த சேர்மம் 32 வந்ததைவிட மேல் என்றும் எழுதிவிடாதீர்கள்.