'பெர்மிஷன் டினைட்' வந்தால் 777 கொடுக்கலாமா?

லினக்ஸில் ஒரு மென்பொருளை அப்டேட் செய்யும்போது 'பெர்மிஷன் டினைட்' வருகிறது, ஃபோல்டருக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி எண்) கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நான் கொடுத்திருக்கிறேன். என் ஹோம் ஃபோல்டர் முழுக்க, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அப்டேட் ஓடியது. மறுநாள் வேலை பார்க்கும் சர்வருக்குள் போக முயன்றால் எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் நுழையப் பயன்படும் நிரல்) என் சாவியை, அதாவது என்னை அடையாளம் காட்டும் ரகசிய ஃபைலை, ஏற்கவே இல்லை. பிரைவேட் கீ ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம் என்று இருந்தால் அது அந்தச் சாவியைத் தொடாது. உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத என்று 600 கொடுத்ததும் வழி விட்டது. ஆனால் மற்ற ஃபைல்களுக்கு முன்பு என்ன எண் இருந்தது என்று எங்கேயும் பதிவாகியிருக்காது. ஒவ்வொன்றாக உட்கார்ந்துதான் சரிசெய்தேன்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லாருக்கும். ஆக 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலை மாற்றி எழுதலாம். உங்களுக்குத் தேவை அது இல்லையே. அப்டேட்டை ஓட்டும் ஒரே ஒரு யூசருக்கு எழுத இடம் கிடைத்தால் போதும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: எழுத முயல்வது யார், அந்த இடம் யாருடையது. டெர்மினலில் 'ஹூஅமை' (whoami) என்று அடித்தால் முதலாவது தெரியும். பிழைச் செய்தியில் வந்த பாதைக்கு 'எல்எஸ் -எல்' (ls -l) கொடுத்தால் இரண்டாவது. வரிசையாக உங்கள் பெயர் வந்துகொண்டிருக்கும். நடுவே ஒரு வரியில் மட்டும் 'ரூட் ரூட்' என்று நிற்கும். ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு. பெரும்பாலும் அதுதான் காரணம். எப்போதோ ஒருமுறை சூடோ (ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டும் கமாண்ட்) போட்டு இன்ஸ்டால் செய்திருப்பீர்கள், அப்போது உருவான ஃபைல்கள் ரூட்டின் பெயரில் தங்கிவிட்டன. இப்போது சூடோ இல்லாமல் அப்டேட் செய்தால் இடிக்கிறது. அந்த ஃபோல்டர் உங்கள் ஹோமுக்குள் இருந்தால், உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' (chown) கமாண்ட் கொண்டு அதை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 'யூஎஸ்ஆர்' (/usr) போன்ற சிஸ்டம் இடத்தில் இருந்தால் உரிமையை மாற்றவே வேண்டாம், எந்தப் பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் கருவி) அதை நிறுவியதோ அதையே சூடோவுடன் ஓட்டுங்கள். அங்கே போய் மொத்தமாக 777 போட்டால் சூடோவை ரூட்டாக ஓட வைக்கும் செட்யூஐடி அடையாளம் அழிந்து, சூடோவே இயங்க மறுக்கும். அப்புறம் மீட்பு முறையில்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபைல் உங்களுடையது, எழுதும் அனுமதியும் இருக்கிறது, ஆனாலும் அப்டேட் நிற்கிறது. அப்டேட் என்பது பல நேரங்களில் பழைய ஃபைலை எடுத்துவிட்டு அதே பெயரில் புதியதை வைப்பதுதான். ஒரு ஃபைலை நீக்கும் உரிமை அந்த ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. எனவே 'எல்எஸ் -எல்டி' (ls -ld) போட்டு ஃபோல்டரையும் பாருங்கள்.

செய்தியில் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று இருந்தால் இதெல்லாம் உதவாது. டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைக்கப்பட்டு (மவுண்ட்) இருக்கிறது. டிஸ்க்கில் கோளாறு வந்தாலும் அப்படி ஆகலாம், அதனால் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸில் இதே சிக்கல் என்றால், அட்மினாக இயக்கியும் 'ஆக்சஸ் டினைட்' வந்தால், அந்த மென்பொருளே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். ஓடும் நிரலின் ஃபைலை மேலெழுத விண்டோஸ் விடாது.

இதற்கும் நகரவில்லை என்றால் முழுப் பிழைச் செய்தியையும், மேலே சொன்ன கமாண்டுகள் காட்டியதையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.