பாவூர்சத்திரத்திலிருந்து ஆரியங்காவு வழி காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப்: சைலன்சரைத் திறந்துவிட்டால் இழுவை கூடுமா? எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டலாமா?

முதலில், இழுவை குறைந்ததற்குக் காரணம் சைலன்சர்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஹோஸில் வெடிப்பு, அல்லது கல்லில் இடித்து நசுங்கிய பைப்பாக இருக்கும். நசுங்கிய துண்டை வெட்டி அதே விட்டத்தில் புதுக்குழாய் வெல்டிங் செய்தாலே போதும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிக் கன்வெர்ட்டரையோ புகைக்கரி வடிகட்டியையோ கழற்றவே கழற்றாதீர்கள். சென்சார் பிழை காட்டி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சக்தியைக் குறைத்துவிடும்; மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அது குற்றமும்கூட. வடிகட்டி அடைத்தால் ரீஜெனரேஷன் செய்து கரியை எரிப்பதே வழி.

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது டர்போவுக்குப் பின்னால் குழாயை மூடும் ஒரு தட்டு. புகை வெளியேற முடியாமல் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும், வண்டி மட்டுப்படும். அழுத்தம் எல்லை மீறினால் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் தாங்காது. வால்வு தானே திறந்து பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் இன்ஜினுக்கென்று கம்பெனி ஒப்புதல் உள்ள கிட் இல்லையென்றால் மாட்ட வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பிரேக் ஏற்கெனவே இருக்கும் வண்டியா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தட்டின் லீவரைக் கையால் திருப்புங்கள். ஸ்பிரிங் உடனே இழுத்துத் திரும்ப வேண்டும். கரியில் பாதி மூடி நின்றால் கறும்புகையும் இழுவைக் குறைவும் வரும். கம்பிப் பிரஷால் சுரண்டுங்கள். கிரீஸ் கூடாது, சூட்டில் கருகி இறுகிவிடும்.

தென்மலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும். திரும்பும்போது காலி வண்டி, புளியரை வளைவில் சாரல் ஈரம் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிடுங்கள்: அதன் பிடிப்பு பின்சக்கரத்தில் மட்டுமே, வால் வழுக்கும்.