குழிக்குள் இறங்கும் பம்ப்

அன்புள்ள ஐயா,

எங்கள் பக்கம் மாணிக்கக் குழி வெட்டும் மூத்தவர்கள், "விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை, இறங்கு" என்கிறார்கள். பொடியன்கள் வாயுமானி வேண்டும் என்கிறார்கள். மாணிக்க மண் கழுவிய கலங்கலை ஓயாவில் (ஆற்றில்) விட்டால் இப்போது தோட்ட லயத்து ஆட்களே சண்டைக்கு வருகிறார்கள், அவர்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியும் வற்றுகிறதாம். முதலில் எதைப் பார்ப்பது, உயிரையா, தண்ணீரையா?

ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் பம்பில்தான் வந்து முட்டுகின்றன.

மேட்டில் வைத்த பம்புக்குத் தண்ணீரைத் தள்ளிக் கொடுப்பது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அதன் எல்லை 10.3 மீற்றர். 1200 மீற்றர் உயரத்தில் ஒன்பதுக்கும் குறைவு. குழாய் உராய்வும் கசிவும் போக ஆறு மீற்றர் கிடைத்தால் பெரிது. குழி அதைத் தாண்டியதும் பம்ப் இழுக்காது. உடனே உள்ளே பலகைத் தட்டு அடித்து மெசினை இறக்கிவிடுகிறார்கள். எஞ்சின் புகையில் வரும் நச்சுவாயுவான காபனோரொட்சைட்டு குழியில் தேங்குவது இப்படித்தான்.

மூத்தவர்களின் விளக்கைப் பழிக்க வேண்டாம். நெடுநாள் மூடிக்கிடந்த குழியில் ஒட்சிசன் 16 வீதமளவுக்கு இறங்கினால் சுடர் அணையும். ஆனால் காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 1200 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. சுடர் அதைக் காட்டாது, மணமும் இராது. வாயுமானியைக் கயிற்றில் இறக்கி மேலே, நடுவே, அடியில் அளக்க வேண்டும். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே, அல்லது காபனோரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 35 பங்குக்கு மேலே இருந்தால் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் வார் பூட்டி, கயிற்று நுனி மேலே இருக்கட்டும். அவர் மயங்கினால் இழுக்கத்தான் அது. பின்னாலேயே குதிப்பவர் இரண்டாவது பிணம்.

நீரில் மூழ்கும் மின் பம்புக்கு அந்த ஆறு மீற்றர்க் கணக்கு இல்லை. ஜெனரேட்டரைக் குழி வாயிலிருந்து தள்ளி, புகை குழிப்பக்கம் வராத திசையில் வையுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் வயரை இறக்கவே வேண்டாம்.

பெரிய பம்ப் போட்டு ஒரே மூச்சில் இறைப்பதும் கெடுதல். சுவர் மண்ணில் ஊறிய நீர் வடியுமுன் குழிநீர் இறங்கினால் அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை. சுவரைத் தாங்கும் பலகைக்குப் பின்னால் திணிக்கும் கெக்கில்ல என்ற பன்ன இலை நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும்; ஆனால் வேகமாக இறைத்தால் நுண்மணலும் கூடவே வந்து, பின்னால் பொந்து விழும். வெளிவரும் நீர் திடீரென மணலாகக் கலங்கினால் ஆட்களை மேலே ஏற்றுங்கள்.

கலங்கலுக்கு வருவோம். 0.02 மில்லிமீற்றர் வண்டல் ஒரு மீற்றர் இறங்க முக்கால் மணி நேரம் போதும். 0.002 மில்லிமீற்றர் களிக்கு மூன்று நாளுக்கும் மேல். அரை மணி நேரம் தேங்கி வழியும் ஒற்றைக் குழி கண்துடைப்பு. இல்லம் எனும் மாணிக்கச் சரளை மண்ணைக் கழுவத் தெளிந்த நீர் எதற்கு? அடுத்தடுத்து மூன்று குழி வெட்டி, கடைசிக் குழி நீரையே திரும்ப இறையுங்கள். கெஹெல்கமு ஓயாவில் விடுவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படியும். படியாதது களனியோடு கொழும்புக்காரர் குடிக்கும் நீருக்குப் போகும்.

பீலி வற்றுவது குழியாலா என்று பார்க்க ஒரு யோசனை. குழி தொடங்குமுன்பே, பீலியில் 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று வாரம் ஒருமுறை, மழை நாளையும் சேர்த்து எழுதி வையுங்கள். வாய்ச்சண்டையில் தோற்பவர்கள் அந்தக் கொப்பியோடு போனால் கதை வேறு.

பம்ப் கொடுப்பவருக்கும் கல்லில் பங்கு உண்டு. இருக்கிற மெசினை மாற்ற அவருக்கு அவசரமில்லை. ஆகவே பங்கு பேசும் அன்றைக்கே எந்தப் பம்ப், எங்கே வைப்பது, வாயுமானி யார் செலவு என்பதையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மண்வெட்டி போட்ட பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.