சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களின் டென்ஷன்: கேள்வி பதில்

குழந்தைகள் பிரிவில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஐந்து வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பிரச்சினைதான், அதனால் அது முதலில்.

கேள்வி: அக்கா, பையனுக்கு ஒன்றரை வயது. ஒரு கிண்ணம் பருப்பு சாதம் ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். சாப்பாட்டு வேளை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

பதில்: முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிற குழந்தை, இரண்டாவது வருடம் முழுக்க 2, 2.5 கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையத்தானே செய்யும்? வளர்ச்சி அட்டையில் அவனுடைய எடைக் கோடு அதன் பாதையிலேயே ஏறிக்கொண்டிருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், பின்னாலேயே ஓடாதீர்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும், அதையும் கவனியுங்கள். அப்புறம், அடுத்த தடுப்பூசிக்கு மாமியாரையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் நூறு முறை சொல்வதை டாக்டர் ஒரு முறை சொன்னால் போதும்.

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. கடையில் தரையில் விழுந்து புரள்கிறாள். நேற்று ஓங்கி அடித்துவிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

பதில்: அந்த வயதில் ஆசை முழுசாக இருக்கும், சொல்லத்தான் வார்த்தை போதாது, அதனால்தான் புரளுவது. உங்களை அவமானப்படுத்த அல்ல. கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் ஏறினால், வீட்டில் என்றால், பாதுகாப்பான இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போங்கள், அழட்டும். (கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தக்கசிவு ஆகும்.) ஒரு வாரம் கோபம் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் சாயங்காலம், அவளுக்கும் பசி உங்களுக்கும் பசி என்கிற நேரமாகத்தான் இருக்கும், கடைக்குப் போவதை அதிலிருந்து தள்ளி வைத்தாலே பாதி குறையும். அடித்ததற்கு "அம்மா பண்ணினது தப்பு" என்று அவளிடமே சொல்லுங்கள், புரியும்.

கேள்வி: மேடம், நான் அப்பா. மனைவி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். என்ன உதவி வேணும் என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்கிறாள்.

பதில்: தம்பி, உங்களுக்கு வேலை யோசித்துக் கொடுப்பதும் அவருக்கு ஒரு வேலைதான். கேட்காதீர்கள், ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது உங்களுடையது என்றால் தண்ணீர் விளாவுவது, துண்டும் மாற்றுச் சட்டையும் முன்பே எடுத்து வைப்பது, கடைசியில் பாத்ரூம் வாசலில் சொட்டிய ஈரத்தைத் துடைப்பது வரை உங்களுடையது. நடுவில் "துண்டு எங்கே?" என்று குரல் கொடுத்தால் அந்த வேலை இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது.

கேள்வி: குழந்தைக்கு 7 மாதம். அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகிறேன். நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. "பிள்ளை பெத்த எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார் அம்மா.

பதில்: அம்மா சொல்வது பிரசவமான முதல் இரண்டு வாரத்து அழுகை, அது தானாக அடங்கிவிடும். நீங்கள் சொல்வது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு போலத் தெரிகிறது, முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சிகிச்சையில் குணமாகும். "நான் இல்லாவிட்டால்" என்று தோன்றியதை இன்றே வீட்டில் ஒருவரிடம் அப்படியே சொல்லுங்கள், இன்று ராத்திரி தனியாக இருக்க வேண்டாம். 14416 மத்திய அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்), 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நாளையே மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, அதற்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறேன். ஆபீஸில் குழந்தையை விட இடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதிப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பையன். நான் குளிக்கப் போகும்போது மட்டும் போன் கொடுக்கிறேன். தப்பா?

பதில்: இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் குளியலுக்குப் பதினைந்து நிமிஷம் ஆகுமா? நிம்மதியாகக் குளியுங்கள்.