பரணில் கிடக்கும் பாகங்களில் ஒரு கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

மீந்துபோன பாகங்களை வைத்து டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாகத்தின் பெயர் சொல்லாமல் "பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: 4வது தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) எல்லாம் சும்மா கிடக்கின்றன. மதர்போர்டு மட்டும் வாங்கினால் போதும்தானே?

பதில்: அந்த "மட்டும்" இருக்கிறதே, அதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். எந்த ப்ராசஸர், எந்த ரேம் என்பதையெல்லாம் தீர்மானிப்பதே போர்டு. உங்கள் ப்ராசஸருக்கு எல்ஜிஏ 1150 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) வேண்டும். எச்81, பி85 வகை போர்டுகள். முன்னணிக் கம்பெனிகள் இவற்றை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கிடைப்பது பழையது, அல்லது பெயர் தெரியாத கம்பெனியின் புதியது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. காசு கொடுத்து வாங்கும் எதுவும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வர வேண்டும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு) வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் வரும், கேபினட் வரும், மானிட்டர் வரும். எச்81 போர்டு வராது, டிடிஆர்3 ரேமும் வராது. அப்படிப்பட்டவை யாராவது சும்மா கொடுத்தால் சரி, காயலான் கடை விலையில் கிடைத்தாலும் சரி. அதற்கு மேல் என்றால், அதே தலைமுறையில் ஆபீசிலிருந்து கழித்துக் கட்டிய முழு கம்ப்யூட்டர் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். பல சமயம் தனி போர்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடக் கூடாது.

கேள்வி: என்னிடம் 6வது தலைமுறை போர்டு (எச்110) இருக்கிறது. நண்பர் 8வது தலைமுறை ஐ3 தருகிறேன் என்கிறார். இரண்டுமே எல்ஜிஏ 1151. போடலாமா?

பதில்: வேண்டாம். சாக்கெட்டின் பெயர் ஒன்று, உள்ளே கதை வேறு. 6, 7வது தலைமுறைகள் 100, 200 வரிசை போர்டுகளுக்கு. 8, 9வது தலைமுறைகள் 300 வரிசைக்கு. உட்கார வைத்தால் உட்காரும், உயிர் வராது. 7வது தலைமுறை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எச்110க்கு பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம், அதைப் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட் இவ்வளவு மோசமில்லை. ரைசன் ப்ராசஸர்களில் முதல் வரிசையிலிருந்து 5000 வரிசை வரை ஒரே சாக்கெட்தான். அங்கேயும் பயாஸ் பதிப்பு முக்கியம். போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் ப்ராசஸர் பட்டியல் இருக்கும், அதைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. பத்து வருடம் ஆகிறது. நம்பலாமா அண்ணா?

பதில்: பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கட்டத்தைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்? என்னிடம் வந்த ஒன்றில் முன்னால் 450 வாட், கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 17 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 204 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட்டுகளில் காட்டிய கணக்கு. அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அது உதவியது, இப்போது அவ்வளவாகத் தேவையில்லை.

அடுத்து, டார்ச் அடித்து ஃபேன் கம்பிகளின் இடுக்கு வழியாக உள்ளே பாருங்கள். கெபாசிட்டர் என்ற சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், அடித்தால் சும்மா விடாது.

போர்டில் மாட்டும் பெரிய 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றும், அது சுற்றினால் நல்ல எஸ்எம்பிஎஸ் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் தெரிவது ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும். லோடு ஏறும்போது வோல்ட் நிற்கிறதா என்பது அதில் தெரியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், என் கைக்காசு போன விஷயம். கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் ஒன்று கேபிள் இல்லாமல் வந்தது. பரணில் வேறொரு மாடுலரின், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள் இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டேன், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விட்டன. டிஸ்க் பக்கத்து முனைதான் எல்லாவற்றிலும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும், சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கும்கூட மாறும். எந்த எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் என்று தெரியாத கேபிளை இப்போதெல்லாம் வெட்டியே போட்டுவிடுகிறேன், கை மறுபடி நீளக் கூடாது என்பதற்காக.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து வருடம், பெயர் தெரியாத கம்பெனி என்றால் வேண்டாம். இந்தக் கட்டுமானத்தில் புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது எஸ்எம்பிஎஸ்தான்.

கேள்வி: என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின் கனெக்டர் இல்லை. கிராபிக்ஸ் கார்டு போட முடியாதா?

பதில்: ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும். தனி கனெக்டர் கேட்காத கார்டுகள் இருக்கின்றன. ஜிடி 1030 சுமார் 30 வாட், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட். 1050 டிஐயில் சில மாடல்களுக்கு மட்டும் 6 பின் இருக்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய 4 பின் மோலக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை இந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். சாட்டாவிலிருந்து 6 பின்னுக்கு மாற்றுவதை எதிலுமே மாட்ட வேண்டாம், ஒயர் உருகும்.

கேள்வி: 4 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று, இரண்டும் வேறு வேறு கம்பெனி. லேப்டாப் ரேமும் ஒன்று இருக்கிறது. கலக்கலாமா?

பதில்: லேப்டாப் ரேம் நீளத்திலேயே பாதி, டெஸ்க்டாப் ஸ்லாட்டில் நுழையாது. மற்ற இரண்டையும் கலக்கலாம். இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். இன்டெல் போர்டில் 4+8 போட்டால் முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிக்கும் வேகமான முறை) மீதி 4 ஒற்றைச் சேனலிலும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இரட்டைச் சேனல் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும், ஏனென்றால் படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் போகிறது.

சர்வரில் இருந்து கழற்றிய ரேம் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். ஸ்டிக்கரில் "ரெஜிஸ்டர்ட்" என்று இருந்தால் உங்கள் போர்டில் ஓடாது. கலந்து போட்ட பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ரேம் குச்சி வேண்டாம். ஒரு பிழைதானே என்று நினைத்தால் ஒரு நாள் ஃபைல் திறக்காது, காரணமும் தெரியாது.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை சார்.

பதில்: முதலில் தூங்குங்கள். பிறகு போர்டின் மேல் ஓரத்தில், ப்ராசஸருக்குப் பக்கத்தில் 4 பின் அல்லது 8 பின் பவர் சாக்கெட் இருக்கும். அதில் ஒயர் மாட்டியிருக்கிறீர்களா? பத்துப் பேர் கேட்டால் மூன்று நான்கு பேருக்கு விடை இங்கேயே முடிந்துவிடும். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், அதனால்தான் ஏமாறுகிறோம். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னைக் கொண்டுபோய் அங்கே திணிக்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும்.

அடுத்து, மானிட்டர் கேபிள் எதில்? இன்டெல்லில் பெயர் "எஃப்" என்று முடிந்தாலும், 5000 வரிசை வரையிலான ஏஎம்4 ரைசனில் பெயரில் "ஜி" இல்லாவிட்டாலும், உள்ளே கிராபிக்ஸ் இல்லை. போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் கறுப்புத் திரைதான்.

இரண்டும் சரி என்றால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். ப்ராசஸர், ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டை இறக்கும் உலோகத் துண்டு), ஒரே ஒரு ரேம். வேறு எதுவும் வேண்டாம். உள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டை மட்டும் சேருங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆகும். ஓடிவிட்டால் குற்றவாளி கேபினட். போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று, துளை இல்லாத இடத்தில் நின்று போர்டின் அடியில் உரசியிருக்கும். பழைய கேபினட்டில் முந்தைய போர்டுக்குப் போட்ட குமிழ் அப்படியே இருப்பது சகஜம்.

ஓடவில்லையா? ரேமின் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஸ்லாட் மாற்றிப் பாருங்கள். சிறிய பீப் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் அது கத்த வேண்டும். கத்தினால் போர்டும் ப்ராசஸரும் உயிரோடு இருக்கின்றன என்று நம்பலாம். கத்தாமல் இருந்தால்தான் கவலை.

கேள்வி: எட்டு வருடப் பழைய ஹார்ட் டிஸ்க். ஓடுகிறது. போதாதா?

பதில்: ஓடுவது வேறு, போதுவது வேறு. டிஸ்க்கின் உடல்நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் திறந்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றிலும் பூஜ்யம் என்றால் படம், பாட்டு வைக்கலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருப்பதை இன்றே நகல் எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் சாட்டா டேட்டா கேபிள்தான் காரணம்.

ஆனால் விண்டோஸோ லினக்ஸோ இருப்பது எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரைப் புதிதுபோல உணர வைக்கும் ஒரே பாகம் அதுதான், அடுத்ததற்கும் கழற்றிக்கொண்டு போகலாம். எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட் இருந்தால் இரண்டுதான் வேகமானவை, பெரும்பாலும் நிறம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். எஸ்எஸ்டியை அதில் மாட்டுங்கள். எச்61 என்றால் எல்லாமே மெதுவான போர்ட்தான், நொடிக்கு 270 எம்பி போல வரும். பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவே பறக்கும்.

கேள்வி: என்னுடையது எச்61 போர்டு. என்விஎம்இ எஸ்எஸ்டியை (சாட்டாவை விட வேகமான வகை) அடாப்டர் கார்டில் போட்டால் பூட் ஆகுமா?

பதில்: உங்கள் எச்61இல், பயாஸைத் திருத்தாமல் நேரடியாக ஆகாது. டேட்டா வைக்கலாம், அவ்வளவுதான். சாட்டா எஸ்எஸ்டி போதும்.

கேள்வி: ஹீட்சிங்கை இழுத்தேன், ஏஎம்4 ப்ராசஸர் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. நான்கைந்து பின்கள் வளைந்திருக்கின்றன.

பதில்: ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்தால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, சூடு ஆறும் முன் இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

இப்போதைக்கு, மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அதன் குழல் நுனியைப் பின்னில் நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். பக்கத்து வரிசையோடு நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டாம், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். சாக்கெட்டில் தானாக விழ வேண்டும், அழுத்தித் திணித்தால் மீதிப் பின்களும் போகும்.

கேள்வி: 4வது தலைமுறையில் விண்டோஸ் 11 வருமா?

பதில்: மைக்ரோசாஃப்ட் விதிப்படி வராது. இன்டெல்லில் பெரும்பாலும் 8வது தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் நிற்குமா என்பதற்கு யாரும் பொறுப்பு இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பிரவுசர், டைப்பிங், படம் பார்ப்பது என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், 4 ஜிபி ரேமிலேயே ஓடும், 8 இருந்தால் நிம்மதி. குறிப்பிட்ட விண்டோஸ் சாஃப்ட்வேர் இல்லாமல் முடியாது என்பவர்கள் இந்தப் பழைய போர்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கேள்வி: ஆர்ஜிபி (கலர் விளக்கு) ஃபேன் நான்கு போட்டால் சூடு குறையுமா?

பதில்: ஹீட்சிங்கில் அடைந்த தூசியைத் தட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தால் குறையும்.

கேள்வி: எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால் தினமும் ஆன் செய்தால் 2012 ஜனவரி 1 என்று தேதி காட்டுகிறது, பாதித் தளங்கள் திறக்க மாட்டேன் என்கின்றன. வைரஸா?

பதில்: போர்டில் நாணயம்போல ஒரு செல் இருக்கும், சிஆர்2032. தீர்ந்துபோயிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்து உள்ள பக்கம் மேலே. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது, அதனால்தான் திறக்கவில்லை. மாற்றியதும் பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்து, பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதையும் மறந்திருக்கும்.