வீட்டுப்பாடம் தரும் பள்ளியா, தராத பள்ளியா?

ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு பள்ளிகள் பார்த்திருக்கிறீர்கள், ஒன்றில் தினமும் வீட்டுப்பாடம், இன்னொன்றில் அறவே கிடையாது, எதில் சேர்ப்பது என்கிறீர்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் குழு 2006இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில்தான் வலுவாகத் தெரிந்தது, சின்ன வகுப்புகளில் ரொம்ப பலவீனம். ஒன்றாம் வகுப்புக்கு 10 நிமிடம் தாராளம்.

நேரில் போகும்போது ஒரு நோட்டைக் கேட்டுப் புரட்டுங்கள். ஒரே சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதி, கடைசி வரிகளில் எழுத்து கோணி, அடியில் வெறும் சிவப்பு டிக் மட்டும் இருந்தால் கைவலிதான் மிச்சம். பிழை வந்த இடத்தில் டீச்சர் ஏதாவது எழுதியிருக்கிறாரா, அதுதான் முக்கியம். அப்புறம், முடிக்காமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். விளையாட்டு நேரத்தில் உட்கார வைப்போம் என்றால் நான் சேர்க்க மாட்டேன்.