மண்டையில் ஓட்டை போட்டும் பிழைத்தார்களா?

கேள்வி: மல்லசந்திரம் கல்திட்டைகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகள் ஒரே பேச்சு. கற்காலத்திலேயே மண்டையில் துளை போட்டு வைத்தியம் செய்தார்களாம், ஆட்கள் பிழைத்தும் இருந்தார்களாம். செத்த பிறகு போட்டதாக இருக்காதா? கல்திட்டையில் உள்ள வட்ட ஓட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, ராயக்கோட்டை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பந்தம் இல்லை. கல்திட்டை என்பது செத்தவர்களுக்குக் கற்பலகைகளால் எழுப்பிய ஈமச்சின்னம். நீங்கள் பார்த்த ஓட்டை அதன் பலகைக்கல்லில் விடும் இடுதுளை.

மற்றபடி உங்கள் மகள் சொல்வது சரிதான். தர்மபுரியில் அறுவை சிகிச்சை செய்தே தலை நரைத்தவன் நான். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வந்த மண்டைகளை நிறையப் பார்த்தாயிற்று. மண்டை ஓட்டின் மேலும் கீழும் கெட்டித் தகடு, நடுவில் பன் ரொட்டி மாதிரி பொத்தல் எலும்பு. செத்தவர் மண்டையில் துளைத்தால் விளிம்பு கூராகவே நிற்கும், நடுப் பொத்தல்கள் திறந்தே கிடக்கும். ஆள் பிழைத்தால் எலும்பு வளரும். விளிம்பு மழுங்கி வழவழப்பாகும், பொத்தல்கள் அடைபடும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிணத்துக்கு அது நடக்காது.

பிரான்ஸில் என்சிசைம் என்ற இடத்தில் கிடைத்த மண்டை சுமார் 7000 ஆண்டுப் பழசு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண். இரண்டு துளைகள், முன்பக்கத்தது முழுசாகவே மூடிவிட்டது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில், இன்கா பேரரசுக் காலத்துத் துளை போட்ட மண்டைகளில் முக்கால்வாசி ஆறியவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெருவிலிருந்து வந்த ஒரு மண்டையைப் பார்த்து, துளை போட்ட பிறகும் ஆள் சில நாள் உயிரோடு இருந்தார் என்று பாரிஸ் மருத்துவர் பால் ப்ரோகா 1867இல் சொன்னார்.

கல்லாயுதத்தால் முடியுமா என்றால், தாராளமாக. சுரண்டிச் சுரண்டியே எடுத்திருக்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோல்தான் வலிக்கும், ரத்தமும் அங்கேதான் கொட்டும். மூளையை மூடியிருக்கும் சவ்வு கிழியாதவரை பிழைக்க வழி உண்டு. எல்லாவற்றுக்கும் ‘பேய் ஓட்டத்தான்’ என்று சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்காது. பெரு நாட்டு மண்டைகள் பலவற்றில் துளைக்குப் பக்கத்திலேயே எலும்பு முறிந்த கோடு இருக்கிறது. அடிபட்டவருக்குத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் காஷ்மீரின் புர்சஹோமில் ஒரு பெண்ணின் மண்டை கிடைத்தது. முழுதாகப் போட்டதும் பாதியில் விட்டதுமாகப் பல துளைகள். அது வைத்தியமா சடங்கா என்று அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.